விளையாட்டில் நீங்கள், புத்தகத்தில் வேறொருவர்



என் தாயாரிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் பழைய சேலைகளுக்கு அடியில் இருபது முப்பது பாட்டுப் புத்தகங்கள் கிடக்கும். உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பட்டணத்துக் கொட்டகைக்கு லாரியில் ஏறிப் போய்ப் படம் பார்த்த காலத்தில், சில காசுக்கு விற்ற மெல்லிய புத்தகங்கள் அவை. முதலில் நடிகர் நடிகையர் பெயர், அடுத்து கதைச் சுருக்கம், பிறகு பாட்டுகள். அந்தக் கதைச் சுருக்கம் சரியான கட்டத்தில் வந்து நின்றுவிடும். வில்லன் கையில் கத்தி இருக்கும், கதாநாயகி மலை உச்சியில் நிற்பாள், 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போட்டு முடித்துவிடுவார்கள்!

இந்தப் பாட்டுப் புத்தகம் இத்தனை காலம் கழித்து ஏன் நினைவுக்கு வந்தது என்று சொல்கிறேன். போன தீபாவளிக்கு என்னிடம் படித்த பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். வயது இருபத்து மூன்று. பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கும் வேலை. விடுமுறைக்குத் தோட்டத்தில் இருக்கும் பாட்டியிடம் வந்துவிடுவார். முறுக்கைக் கடித்துக்கொண்டே பையிலிருந்து தடித்த ஆங்கில நாவல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சார், இதை முழுசாப் படிச்சு முடிச்சிட்டேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறாண்டுகள் எங்கள் பள்ளியில் படித்தவர் இவர். அந்த ஆறாண்டில் நூல்நிலையப் புத்தகம் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. வாசிப்புக் குறிப்பேட்டில் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுவார். எனக்கும் அது தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர் நானூறு பக்க ஆங்கில நாவலைப் படித்தேன் என்றால்?

"எப்படியப்பா முடிந்தது?" என்று கேட்டேன்.

"நான் ஆடுற கேமோட கதை சார் இது" என்றார்.

கணினி விளையாட்டிலிருந்து நாவல்! இது நம் பாட்டுப் புத்தகம் மாதிரி ஏதோ வியாபாரம் என்றுதான் முதலில் நினைத்தேன். படம் ஓட வேண்டும் என்பதற்காகப் பாட்டுப் புத்தகம், விளையாட்டு விற்க வேண்டும் என்பதற்காகக் கதைப் புத்தகம். அவரிடமே அந்த நாவலை இரவல் வாங்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு அதே இனத்தைச் சேர்ந்த வேறு சிலவற்றையும் தேடிப் படித்தேன். நான் நினைத்ததில் பாதி சரி, பாதி தவறு.

முதலில் இந்த விளையாட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். கார் ஓட்டுவது, பந்து உதைப்பது, சுட்டுத் தள்ளுவது எல்லாம் வேறு வகை. இதில் நீங்கள் ஒரு வேடம் கட்டிக்கொள்கிறீர்கள். வீரனா, மந்திரவாதியா, திருடனா? ஆணா, பெண்ணா? மனிதனா, குள்ளனா, அல்லது காட்டில் வாழும் கூர்ங்காது இனத்தவனா? பெயரையும் நீங்களே சூட்டிக்கொள்ளலாம். பிறகு ஒரு மாய உலகத்தில் உங்களை இறக்கிவிடுவார்கள். பழைய விட்டலாச்சார்யா படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் அந்நியமாகத் தோன்றாது. பூதம் உண்டு, சூனியக்காரி உண்டு, பறக்கும் நாகம் உண்டு. அடிபட்டுக் கிடப்பவனைத் தூக்கிவிடுவதா, தாண்டிப் போவதா, அவன் பையைத் துழாவுவதா என்பது உங்கள் இஷ்டம். நீங்கள் செய்வதற்கு ஏற்பக் கதை திரும்பும்.

இது கணினியில் பிறந்த விளையாட்டு அல்ல. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். தாளும் பென்சிலும் உருட்டும் கட்டையும்தான் அதற்கு வேண்டிய முதல். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் மரத்துக்குப் பின்னால் ஒளிகிறேன்' என்பார்கள். வாள் வெட்டு பட்டதா தவறியதா என்பதைக் கட்டை உருட்டித் தீர்மானிப்பார்கள். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம், அவர்களுடைய கட்டைக்கு இருபது முகம்!

இதைப் படித்தபோது என் பாட்டி கண்முன் வந்தார். லயத்து வாசலில் சாக்கு விரித்து பாரதக் கதை சொல்லுவார். நான் குறுக்கே புகுந்து, "கர்ணன் தம்பிங்க பக்கம் வந்திருந்தா?" என்று கேட்பேன். பாட்டி ஒரு நாளும் என்னை அதட்டியதில்லை. "வந்திருந்தா என்ன ஆயிருக்கும்? நீயே சொல்லு" என்பார். அரை மணி நேரம் அந்தக் கதை தனியாக ஓடும். நான் துரியோதனனைக்கூடத் திருத்திவிடுவேன். கடைசியில் பாட்டி ஒரு பெருமூச்சு விட்டு, "ஆனா அவன் வரலையே" என்று சொல்லிப் பழைய வழிக்கே திரும்பிவிடுவார். பாட்டியின் இந்த வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் ஆடிய ஆட்டம் கணினிக்குள் புகுந்தது. 1981இல் 'அல்டிமா', 'விசர்ட்ரி' ஆகிய இரண்டும் வந்தன. 1988இல் 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' வந்தது. 'ஒளித் தடாகம்' என்று வைத்துக்கொள்ளலாம். பாதி இடிந்து பூதங்கள் கையில் போய்விட்ட ஃபிளான் என்ற துறைமுக நகரத்தைத் தெருத் தெருவாக மீட்க வேண்டும். இந்த ஆட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்து வட்டுகளில் இடம் மிகக் குறைவு, நீண்ட கதையை எழுதி வைக்க முடியாது. ஆகையால் பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆட்டத்தில் ஒரு கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்தால், 'இன்ன எண்ணுள்ள பகுதியைப் படி' என்று திரையில் வரும். புத்தகத்தைப் புரட்டிப் படிக்க வேண்டும். திருட்டுப் பிரதி போடுகிறவர்களைத் தடுக்கவும் அது உதவியது. முன்கூட்டியே படித்து ஏமாற்றப் பார்ப்பவர்களுக்காகச் சில பொய்ச் செய்திகளையும் நடுவில் கலந்து வைத்தார்களாம்! பிள்ளைகளுக்குப் பரீட்சைத் தாள் தயாரிக்கும் எனக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆக, கதை தொடக்கத்திலேயே பாதி திரையிலும் பாதி தாளிலுமாக இருந்தது. மறு ஆண்டு, 1989இல், அதே பெயரில் நாவல் வந்தது. ஜேம்ஸ் வார்டு, ஜேன் கூப்பர் ஹாங் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். ஆட்டத்தில் ஆறு வீரர்களை நாமே படைத்துக்கொள்ளலாம். நாவலில் மூன்று பேர். ஒரு மந்திரக்காரி, ஒரு கோயில் வீரன், ஒரு திருடன். கதை அதே நகரம், அதே எதிரி. பாட்டுப் புத்தகத்தைவிடத் தடிமன் அதிகம், சரக்கு அதே சரக்கு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் விற்றது. பின்னால் இரண்டு தொடர்ச்சிகளும் வந்தன.

பெரிய தகராறு பத்து ஆண்டு கழித்து வந்தது.

அநாதைப் பிள்ளையின் கதை

கனடா நாட்டில் எட்மன்டன் நகரத்தில் மூன்று மருத்துவர்கள், ஊசி மருந்தோடு நிற்காமல், 1995இல் விளையாட்டு செய்யும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார்கள். பெயர் பயோவேர். 1998 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட்' உலகெங்கும் ஓடியது.

கதை நம்மவர்களுக்குப் பிடிக்கக்கூடியதுதான். கடலோரத்தில் ஒரு கோட்டை, கோட்டை முழுவதும் நூல்நிலையம். அங்கே ஓர் அநாதைப் பிள்ளையை வயதான மந்திரவாதி ஒருவர் வளர்க்கிறார். ஒருநாள் இரவோடு இரவாகப் பிள்ளையை அழைத்துக்கொண்டு வெளியேறுகிறார். வழியில் கவசமணிந்த ஒருவன் மறித்து, வளர்ப்புத் தந்தையை வெட்டிச் சாய்க்கிறான். பிள்ளை தப்பி ஓடுகிறது. நாட்டில் அப்போது இரும்புப் பஞ்சம். சுரங்கத்தில் வேலை செய்பவர்கள் காணாமல் போகிறார்கள், வெட்டியெடுத்த இரும்போ கையில் எடுத்தால் உடைகிறது. இதையெல்லாம் தேடிக்கொண்டு போனால், கடைசியில் தெரியவரும் உண்மை பயங்கரமானது. கொலைக்கென்றே இருந்து மாண்டுபோன ஒரு தேவனின் இரத்தம் அந்தப் பிள்ளையின் உடம்பில் ஓடுகிறது. தந்தையை வெட்டியவனும் அதே இரத்தம். அண்ணன்!

அந்தப் பிள்ளை யார்? நீங்கள்தான். அதுதான் ஆட்டத்தின் உயிர். அந்தக் கெட்ட இரத்தத்தை வைத்துக்கொண்டு நல்லவராக வாழ்வதா, இரத்தம் இழுக்கும் பக்கமே போவதா? ஒவ்வொருவரும் தம் பிள்ளைக்குத் தாமே பெயர் வைத்து, தாமே முடிவு செய்து, மாதக்கணக்கில் வாழ்ந்தார்கள். கூட வரும் தோழர்களையும் விருப்பம்போல் சேர்த்துக்கொண்டார்கள்.

1999இல் பிலிப் ஏதன்ஸ் எழுதிய நாவல் வந்தது. திறந்து பார்த்தால், பிள்ளைக்குப் பெயர் அப்டெல் ஏட்ரியன். ஆண். மனிதன். ஆஜானுபாகுவான கூலி வீரன். கத்தியை முதலில் உருவிவிட்டுப் பிறகு யோசிக்கிற ரகம். தோழர்களில் பலரைக் காணோம், வந்தவர்களும் வேறு ஆளாக நிற்கிறார்கள். பக்கத்துக்குப் பக்கம் இரத்தம். ஆட்டத்தை நேசித்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! நீங்கள் பெற்று வளர்த்த பிள்ளையை நீண்ட நாள் கழித்துப் பார்க்கப் போகிறீர்கள், கதவைத் திறந்து யாரோ ஒரு தடியன் வந்து 'நான்தான் உன் பிள்ளை' என்கிறான். இன்றுவரை ஆட்டக்காரர்கள் அந்த நாவலைத் திட்டித் தீர்ப்பதை நிறுத்தவில்லை.

நான் அதைப் படித்தேன். அவர்கள் திட்டுவதில் நியாயம் இருக்கிறது, எழுத்து அவசரத்தில் ஓடுகிறது. ஆனால் ஏதன்ஸ் மேல் மட்டும் பழி போடுவது சரியல்ல என்றும் தோன்றியது. யார் எழுதியிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைத்துத்தானே ஆக வேண்டும்? ஆண் என்றோ பெண் என்றோ சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆட்டம் என்பது பாட்டியின் "நீயே சொல்லு". புத்தகம் என்பது "ஆனா அவன் வரலையே". பாட்டி அதைச் சொன்னபோது நான் ஏற்றுக்கொண்டேன். ஏன் என்றால் கர்ணன் வராததற்குப் பாட்டியிடம் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்டால் அழுகை வரும். அப்டெல் ஏன் இப்படி இருக்கிறான் என்பதற்கு நாவலில் அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லை.

பாவம், அந்த அப்டெல்! 2013இல் வெளியான ஒரு மேசையாட்டக் கதையில் அவனைக் கிழவனாக, நகரத்துப் பெரிய மனிதனாகக் கொண்டுவந்து தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டார்கள்.

இந்த வரிசையின் இரண்டாம் நாவலையும் ஏதன்ஸே எழுதினார். 2001இல் வந்த மூன்றாவதை ட்ரூ கார்ப்பிஷின் என்ற கனடாக்காரர் எழுதினார். அதுவும் பெரிதாகப் போற்றப்படவில்லை. ஆனால் அவர் பயோவேர் நிறுவனத்திலேயே கதாசிரியராகச் சேர்ந்து, 2003இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்ற ஒரு விண்வெளி ஆட்டத்துக்குத் தலைமை எழுத்தாளரானார். பின்னால் 'மாஸ் எஃபெக்ட்' என்ற ஆட்டத்துக்கும் தலைமை எழுத்தாளர், அதன் நாவல்கள் சிலவற்றையும் அவரே எழுதினார். பிறர் சமைத்ததை எடுத்துப் பரிமாற வந்தவர், அடுப்படிக்கே போய்விட்டார்.

இங்கே ஒரு சங்கதி. இப்படிப்பட்ட நாவல்களை எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கதாபாத்திரங்கள் சொந்தமில்லை. எழுதிக் கொடுத்ததற்குப் பணம் உண்டு, உலகமும் ஆட்களும் கம்பெனிக்கு. பால் வெட்டுகிறவருக்கு மரம் சொந்தமில்லை என்பது நமக்குத் தெரியாததா? எதிர்ப்பக்கமும் ஒரு கதை உண்டு. போலந்து நாட்டு எழுத்தாளர் ஆன்ட்ரே சப்கோவ்ஸ்கி எழுதிய 'விட்சர்' கதைகளை ஓர் ஆட்டக் கம்பெனி கேட்டு வாங்கி 2007இல் விளையாட்டாக்கியது. பங்கு தருகிறோம் என்றார்கள். இது எங்கே ஓடப் போகிறது என்று நினைத்து, பங்கு வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார் அவர். அது கோடிக்கணக்கில் ஓடிற்று! 2018இல் ஆறு கோடி ஸ்லோட்டி, அதாவது அந்த நாட்டுப் பணம், தர வேண்டும் என்று கேட்டு நின்றார். 2019 இறுதியில் இரு தரப்பும் புதிய ஒப்பந்தம் செய்துகொண்டு சமாதானமாயின. கையெழுத்துப் போடுமுன் யோசிக்க வேண்டியது தோட்டத்து ஆட்கள் மட்டுமல்ல.

விடுகதை போட்ட பெட்டி

சரி, நல்ல நாவல் வந்ததே இல்லையா? வந்தது. அதற்குமுன் ஒரு சுற்றி வளைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்துப் பல்கலைக்கழக நண்பர்கள் சிலர் வாரந்தோறும் கூடி மேசையாட்டம் ஆடினார்கள். அதற்காக 'மிட்கெமியா' என்ற உலகத்தைக் கற்பனை செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ரேமண்ட் ஃபீஸ்ட் என்பவர் அதே உலகத்தில் நாவல் எழுதி 1982இல் வெளியிட்டார். நாவல் புகழ் பெற்றது. 1993இல் வேறொரு கம்பெனி அந்த நாவல் உலகத்தை வைத்து 'பிட்ரேயல் அட் கிரான்டர்' என்ற கணினி ஆட்டத்தைச் செய்தது. அதன் கதையை எழுதியவர் ஃபீஸ்ட் அல்ல, நீல் ஹால்ஃபோர்ட் என்பவரும் ஜான் கட்டர் என்பவரும். 1998இல் ஃபீஸ்ட் அந்த ஆட்டத்தையே நாவலாக எழுதினார்! ஆட்டம் நாவலாகி, நாவல் ஆட்டமாகி, அந்த ஆட்டம் மறுபடி நாவலாயிற்று. பேரன் மாற்றிச் சொன்ன கதையைத் தாத்தா வாங்கித் திரும்பச் சொன்ன மாதிரி.

இந்த ஆட்டத்தில் 'நீ யார்' என்ற தொல்லை இல்லை. ஆட்களும் பெயர்களும் முன்பே முடிவானவை. ஆட்டமே ஒன்பது அத்தியாயங்களாக, நாவல் மாதிரி உரைநடையில் எழுதப்பட்டது. ஆகவே நாவலாக்குவது சுலபமாக இருந்திருக்க வேண்டும், அல்லவா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிக்கும்போது ஆட்டத்தின் எலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது. இந்த ஊருக்குப் போ, இவரைப் பார், அவர் சொல்லும் அடுத்த ஊருக்குப் போ. ஆடும்போது நடக்கிற கால் நம்முடையது, அலுப்பதில்லை. படிக்கும்போது அலுக்கிறது.

இன்னொன்று. அந்த ஆட்டத்தில் வழியெங்கும் பூட்டிய பெட்டிகள் கிடக்கும். பெட்டியின்மேல் ஒரு விடுகதை எழுதியிருக்கும். எழுத்துகளைத் திருகிச் சரியான விடையை அமைத்தால்தான் பூட்டுத் திறக்கும். அந்த ஆட்டத்தை நினைவுகூரும் ஒவ்வொருவரும் முதலில் இந்தப் பெட்டிகளைத்தான் சொல்லுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் விடுகதை போட்டுப் பாருங்கள், விடையை நாம் சொல்லிவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். அந்தச் சந்தோஷத்தைப் புத்தகத்தில் எப்படி வைப்பது? புத்தகம் பெட்டியைத் தானே திறந்துவிடுகிறது.

சமையற்கட்டில் ஒரு நாயகி

2009ஆம் ஆண்டில் இரண்டு பேர் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டத்தின் கதையைத் தொடவே வேண்டாம், அதற்கு முன்னாலோ பின்னாலோ போய்விடுவோம் என்பதுதான் அந்த வழி.

மானிடவியல் படித்த கிரெக் கீஸ், 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்ற ஆட்ட உலகத்துக்கு 'தி இன்ஃபர்னல் சிட்டி' என்ற நாவலை எழுதினார். 2006இல் வந்த ஆட்டத்துக்குச் சுமார் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. வானத்தில் ஒரு நகரம் மிதந்து வருகிறது. அதன் நிழல் விழுந்த இடத்தில் மனிதர்கள் மாண்டுபோகிறார்கள். நாயகி அன்னைக் என்ற இளம்பெண். மருந்துக் கலவைகள் செய்யத் தெரிந்தவள், வாள் பிடிக்கத் தெரியாதவள். அவள் அந்த நகரத்தில் மாட்டிக்கொண்டு என்ன செய்கிறாள் தெரியுமா? சமையற்கட்டில் வேலை செய்கிறாள்! மேலே பிரபுக்கள் விதவிதமாக உண்ண, கீழே புகையிலும் சூட்டிலும் ஆயிரம் பேர் உழைக்கிறார்கள். ஒரு சமையற்கட்டுக்கும் இன்னொன்றுக்கும் போட்டி, கத்திக் குத்து, கொலை. அன்னைக் தன் கைப்பக்குவத்தாலேயே படிப்படியாக மேலே ஏறுகிறாள். ஆட்டத்தில் இப்படி ஒரு வேடம் கட்டி யாரும் ஆடமாட்டார்கள். அடுப்படியில் நிற்பதற்கா பணம் கொடுத்து ஆட்டம் வாங்குகிறோம்? ஆனால் புத்தகத்தில் அந்தச் சமையற்கட்டுப் பக்கங்களைத்தான் நான் திரும்பவும் படித்தேன். வீரர்கள் சண்டை போடும் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனேன்.

இனி என் மாணவர் கொண்டுவந்த புத்தகம். 'தி ஸ்டோலன் த்ரோன்', அதாவது 'பறிக்கப்பட்ட சிம்மாசனம்'. எழுதியவர் டேவிட் கெய்டர். 'டிராகன் ஏஜ்' ஆட்டத்தின் தலைமை எழுத்தாளரே இவர்தான். 2009 மார்ச்சில் நாவல், அதே ஆண்டு நவம்பரில் ஆட்டம். நாவல் முந்திய தலைமுறையின் கதை.

என் மாணவர் ஆட்டத்தைத்தான் முதலில் ஆடினார். அதில் லோகேன் என்ற சேனாதிபதி வருகிறான். பூதப் படை சூழ்ந்து நிற்கும் போரில், இளம் அரசன் கேலன் முன்னணியில் போரிடுகிறான். அடையாளத் தீ எரிந்ததும் லோகேன் பக்கவாட்டிலிருந்து பாய்ந்து உதவ வேண்டும். தீ எரிகிறது. லோகேன் தன் படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அரசன் மடிகிறான். ஆட்டம் முழுவதும் நீங்கள் அந்தத் துரோகியைத் தேடிப் போகிறீர்கள். கடைசியில் பிரபுக்கள் கூடிய சபையில் அவனை வென்றால், தீர்ப்பு உங்கள் கையில். தலையை வெட்டலாம், உயிர்ப்பிச்சை கொடுக்கலாம். உயிரைக் கொடுத்தால், தொடக்கத்திலிருந்து உங்களோடு வந்த தோழன் அலிஸ்டர் கொதித்துப்போய் உங்களை விட்டுப் பிரிந்துவிடுவான். அலிஸ்டர் யார்? மாண்ட அரசனுக்கு வேறு தாய் வயிற்றுச் சகோதரன், முந்திய அரசன் மாரிக்குக்கு முறையின்றிப் பிறந்தவன்.

"யோசிக்கவே இல்ல சார், வெட்டிட்டேன்" என்றார் என் மாணவர்.

பிறகு நாவலைப் படித்திருக்கிறார். நாவலில் லோகேன் இளைஞன். வரி கட்ட முடியாமல் அந்நியரிடம் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயியின் மகன். தாயையும் பறிகொடுத்தவன். தகப்பனோடு காட்டில் ஒளிந்து வாழ்கிறவன். அங்கே ஓர் இரவு மூச்சிரைக்க ஓடிவருகிறான் ஒரு பையன். துரோகிகள் அவன் தாயை, புரட்சி செய்த அரசியை, சற்று முன்தான் கொன்றிருக்கிறார்கள். அந்தப் பையன்தான் மாரிக். பிடிக்காமல் சேர்ந்த இருவரும் பிரிய முடியாத நண்பர்களாகி, அந்நியரிடமிருந்து நாட்டை மீட்கிறார்கள். லோகேன் தன் காதலையும் நண்பனுக்காக விட்டுக்கொடுக்கிறான்.

நடுவில் ஒரு போர். அதில் மாரிக் எதிரிகளிடம் சிக்கிக்கொள்கிறான். லோகேனுக்கு ஒரு படைப் பகுதி ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அவன் அதை விட்டுவிட்டு நண்பனைக் காப்பாற்றப் பாய்கிறான். காப்பாற்றியும் விடுகிறான். ஆனால் நம்பி நின்ற படை சிதறி மாள்கிறது.

நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அன்று ஒருவனுக்காகப் படையை விட்டவன், பல ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நண்பனின் மகன் களத்தில் நிற்கும்போது, படைக்காக ஒருவனை விட்டுவிட்டான். சரியா தவறா? கெய்டர் சொல்லவில்லை. ஆனால் அவன் ஏன் அப்படி ஆனான் என்பது புரிகிறது. பாட்டியிடம் கர்ணனுக்கு இருந்த மாதிரி, இந்தப் புத்தகத்தில் லோகேனுக்குக் காரணம் இருக்கிறது. உங்கள் 'நீ'யை இந்த நாவல் தொடவே இல்லை. உங்கள் எதிரியை உங்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

என் மாணவர் மறுபடி ஆட்டத்தை முதலிலிருந்து ஆடினார். சபைக்கு வந்தார். இந்த முறை உயிர்ப்பிச்சை கொடுத்தார். அலிஸ்டர் பிரிந்து போனான். "ரெண்டு நாள் கேமைத் திறக்கவே இல்ல சார்" என்றார்.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். இந்த ஆட்டங்கள் பலவற்றில் கொலையும் இரத்தமும் உண்டு. 'டிராகன் ஏஜ்' அமெரிக்காவில் பதினேழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே மதிப்பிடப்பட்டது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வயதைப் பாருங்கள், ஆறாம் ஆண்டுப் பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். நாவல்களும் சிறுவர் கதைகள் அல்ல. மற்றபடி, வளர்ந்த பிள்ளை இப்படி ஒரு புத்தகத்தைக் கையில் வைத்திருந்தால் பிடுங்காதீர்கள். நானூறு பக்க ஆங்கிலத்தை அவர் எப்படிக் கடந்தார் என்று நான் துருவிக் கேட்டேன். ஊரின் பெயர், ஆட்களின் பெயர், யாருக்கும் யாருக்கும் பகை என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்த ஊருக்குள் நடப்பவன் ஒரு சந்து புரியாவிட்டால் நிற்கமாட்டான், அடுத்த திருப்பம் அவனுக்குத் தெரியும். தெரியாத சொற்களை அப்படியே தாண்டித் தாண்டி, பாதிப் புத்தகத்துக்கு மேல் அவற்றில் பல தாமாகவே விளங்கிவிட்டன என்றார். பயிற்சிக் கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் இது. இருபது ஆண்டு கழித்து ஒரு மாணவன் வாயிலிருந்து கேட்டேன்.

சென்ற மாதம் அவர் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டிருக்க, பேரன் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். காட்டில் சந்தித்தது, நாட்டை மீட்டது எல்லாம் முடிந்து, அடையாளத் தீ எரியும் இடத்துக்கு வந்துவிட்டார்.

"லோகேன் படையைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டான் பாட்டி. ராஜா செத்துட்டான்."

"யாரு, அந்தக் கூட்டாளியோட மவனா?"

"ஆமா. லோகேன் தன் மகளைக் கட்டிக் கொடுத்ததும் அவனுக்குத்தான்."

பாட்டியின் உலக்கை நின்றது.

"பெத்த மவளைக் கொடுத்த மருமவனையா விட்டுட்டுப் போனான்?" என்று கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார். "வாத்தியாரே, நீங்களும் படிச்சீங்களாமே. அந்தப் பொண்ணு அப்பன் மூஞ்சியில முழிச்சிருப்பாளா?"